கலந்து பேசலாம்: தொலைக்காட்சி வினாடி வினாவும் நம் வகுப்பறையும்

வினாடி வினாப் போட்டிக்குப் பள்ளி அணியை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் அறையிலேயே மூன்று பெயர்கள் முடிவாகிவிடும். போன ஆண்டு சென்ற பிள்ளைகள் படிப்பை முடித்துப் போயிருந்தால்தான் புதுப் பெயர் தேடப்படும். மூவர் கையிலும் ஒரு பொது அறிவுப் புத்தகம் தரப்படும். மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் மனப்பாடம் நடக்கும். மற்ற பிள்ளைகளுக்கு வினாடி வினா என்பது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டுவதோடு சரி.

நான் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளியில் வினாடி வினா மன்றப் பொறுப்பும் நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மன்றத்தில் நாற்பது பேர் இருக்க, மூன்று பேருக்கு மட்டுமே பயன்படும் செயல்பாடாக இது ஏன் இருக்க வேண்டும் என்று யோசித்தபோது, இந்தப் போட்டி வடிவம் எங்கிருந்து வந்தது, அதன் விதிகளை யார் எப்படி வகுத்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் வகுப்பறைக்கு ஆகும் சில செய்திகளையும், அவற்றை எட்டாம் வகுப்பில் செய்து பார்த்த விதத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வாஷிங்டனில் ஒரு மூவர் அணி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1961 அக்டோபரில் 'இட்ஸ் அகாடமிக்' என்ற நிகழ்ச்சி தொலைக்காட்சியில் தொடங்கியது. பள்ளிக்கு மூன்று மாணவர்கள். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று பள்ளிகள். சோஃபி ஆல்ட்மன் என்ற பெண்மணி இதை உருவாக்கினார். மேக் மெக்கேரி என்பவர் தொடக்கம் முதல் 2011 வரை, ஐம்பது ஆண்டுகள், இதே நிகழ்ச்சியில் வினா தொடுத்தார். முதல் ஆண்டில் விடை சொன்ன மாணவரின் பேரப்பிள்ளையும் அவர் முன்னால் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு! உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் தொலைக்காட்சி வினாடி வினா என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது இது. இன்று அமெரிக்க மேலவையில் முக்கிய உறுப்பினராக உள்ள சக் ஷூமர் பள்ளி மாணவராக இருந்தபோது இந்த நிகழ்ச்சியின் போட்டியில் கலந்துகொண்டவர்.

அதன் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. எந்த அணியும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. உட்காரும்போதே ஒவ்வோர் அணிக்கும் 100 மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் சுற்றுகளும் உண்டு என்பதால், முதல் தவறிலேயே பிள்ளைகள் பூச்சியத்துக்குக் கீழே போய் முகம் வாடி நிற்க வேண்டாம் என்பதுதான் இதன் பயன் என்று நான் புரிந்துகொள்கிறேன். நம் வகுப்பில் தவறான விடை சொல்லும் பிள்ளைக்கு இழப்பதற்கு ஏதாவது கையிருப்பு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, நிகழ்ச்சி அரங்கில் அமர்ந்திருக்கும் கூட்டம். விளையாட்டுப் போட்டிக்குச் செல்வதைப் போலவே பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவும், கையில் வண்ணக் குஞ்சங்களோடு உற்சாகக் குரல் எழுப்பும் பெண்களும் வருகிறார்கள். வேதியியல் கேள்விக்குச் சரியான விடை சொன்ன மாணவருக்கு முரசு ஒலிக்கிறது! நம் ஊரில் கபடி அணி வென்று திரும்பினால் பேருந்து நிறுத்தத்திலேயே பட்டாசு வெடிக்கிறார்கள். வினாடி வினாவில் வென்ற பிள்ளை சான்றிதழைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் சத்தமில்லாமல் வந்து இறங்குகிறது. முரசு அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால், தெரிந்துகொள்வதும் கொண்டாடத் தக்கதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது செய்யலாம்.

இங்கிலாந்தில் இதற்கும் முன்பே, 1948-இல், பி.பி.சி. வானொலியில் 'டாப் ஆஃப் தி ஃபார்ம்' தொடங்கிவிட்டது. 1962 முதல் 1975 வரை தொலைக்காட்சியிலும் வந்தது. பள்ளிக்கு நான்கு பேர் கொண்ட அணி. நால்வரும் வெவ்வேறு வயதினர். பெரிய வகுப்புப் பிள்ளைகள் மட்டும் போய் உட்கார்ந்துவிட முடியாது. சின்னப் பிள்ளையும் அணியின் பாரத்தில் ஒரு பங்கைச் சுமந்தாக வேண்டும். இந்த வானொலி நிகழ்ச்சி 1986-இல் நிறுத்தப்பட்டது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி மனப்பான்மை அக்காலக் கல்விச் சிந்தனைக்கு ஒத்துவரவில்லை என்பது அப்போது காரணமாகப் பேசப்பட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. போட்டி என்றாலே பிள்ளைகளுக்குத் துள்ளல் வருகிறது. அதை ஏன் விட வேண்டும்? யாருக்குக் கேள்வி போய்ச் சேருகிறது, யாருக்குச் சேரவில்லை என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டியது.

நம் நாட்டில் 1967-இல் கொல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்திய போட்டியை முதல் பொது வினாடி வினா என்று சொல்வார்கள். 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' கல்லூரி அணிகளுக்கானது. பள்ளிப் பிள்ளைகளுக்கான 'போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட்' 1970-களில் வானொலியில் ஹமீத் சயானி, அவருக்குப் பின் அமீன் சயானி குரலில் ஒலித்து, 1990-களில் தொலைக்காட்சிக்கு வந்தது. நடத்தியவர் நீல் ஓ'பிரையனின் மகன் டெரெக் ஓ'பிரையன். எல்லாம் ஆங்கிலத்தில். என் வயதையொத்த ஆசிரியர்களில் சிலர், கேபிள் இணைப்பு இருந்த பக்கத்து வீட்டுத் திண்ணையில் நின்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

தனிக் கேள்வியும் கூட்டுக் கேள்வியும்

அணி வினாடி வினாவின் விதிகளில் வகுப்பறைக்கு மிகவும் உதவும் ஒன்று, டான் ரீட் என்பவர் வடிவமைத்த 'காலேஜ் பவுல்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியிலிருந்து வந்தது. 1953-இல் வானொலியிலும் 1959-இல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய கல்லூரிப் போட்டி அது. அதைப் பார்த்து 1962-இல் இங்கிலாந்தில் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' வந்தது. இவற்றில் கேள்விகள் இரண்டு வகை. முதலாவது பஸ்ஸர் கேள்வி. யார் முதலில் அழுத்துகிறாரோ அவர் தனியாகவே விடை சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாது. விடை சரியானால் 10 மதிப்பெண். அதோடு, அந்த அணிக்கு மட்டும் ஒரே பொருளைச் சுற்றிய மூன்று துணைக் கேள்விகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். இந்த மூன்றுக்கும் பஸ்ஸர் கிடையாது. நான்கு தலைகள் ஒன்றுகூடிக் கிசுகிசுவென்று பேசி, அணித்தலைவர் விடை சொல்வார்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். தனியாகச் சொன்னதற்கு 10. கூடிப் பேசிச் சொன்னதற்கு 15. கலந்து பேசுவதற்கே அதிக மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். நாம் வினாடி வினா என்று வகுப்பில் நடத்தும்போது எடுத்துக்கொண்டது 10 மதிப்பெண் பகுதியை மட்டுமே. 15 மதிப்பெண் பகுதி எப்படியோ நம் கையில் வந்து சேரவில்லை.

கனடாவில் 1961-இல் வான்கூவர் நகரில் தொடங்கிய பள்ளி மாணவர் நிகழ்ச்சி 'ரீச் ஃபார் தி டாப்'. அதன் டொரண்டோ நகரப் பதிப்பை 1966 முதல் ஏழாண்டுகள் நடத்திய அலெக்ஸ் டிரெபெக்தான் பின்னாளில் 'ஜெப்பர்டி' என்ற புகழ்பெற்ற அமெரிக்க நிகழ்ச்சியை 1984 முதல் 2020-இல் இறக்கும் வரை நடத்தினார். அது பெரியவர்களுக்கான, தனிநபர் போட்டி. ஆயினும் அங்கே 1985-இல் செய்த ஒரு மாற்றத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்பு, கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸரை அழுத்தலாம். மாற்றத்துக்குப் பிறகு, கேள்வி முழுவதும் படித்து முடித்த பிறகே அழுத்த வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக அழுத்தினால் அந்தப் பஸ்ஸர் கால் வினாடிக்குச் செயலிழந்துவிடும். கால் வினாடி என்பது அந்தப் போட்டியில் தோற்பதற்குப் போதுமான நேரம். வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் கேள்வியை முழுதாகக் கேட்டு விடையை யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒவ்வொரு நொடிக்கும் பணம் கொட்டும் தொலைக்காட்சியிலேயே, விளையாடாமல் பார்த்துக்கொண்டிருப்பவரை நினைத்து வேகத்துக்குத் தடை போட்டிருக்கிறார்கள். நம் வகுப்பில் விளையாடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நம் மாணவர்கள்.

ஒரு வினாடி போதுமா?

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், 1970-களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகளுக்காக ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கணக்கிட்டார். சராசரி, ஏறத்தாழ ஒரு வினாடி. அதற்குள் விடை வரவில்லை என்றால் வேறொரு பிள்ளையிடம் கேட்டுவிடுகிறார், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுகிறார். இந்த இடைவெளியை மூன்று வினாடி அளவுக்கு நீட்டச் சொல்லிப் பார்த்தபோது விடைகள் நீளமாயின, 'தெரியாது' குறைந்தது, மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகள் பேசத் தொடங்கினர், மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் கூடின. பிள்ளை விடை சொல்லி முடித்த பிறகும் 'சரி', 'தவறு' என்று உடனே தீர்ப்பு வழங்காமல் சற்றுக் காத்திருந்தால் அதே பயன் கிடைப்பதையும் அவர் கண்டார்.

மூன்று வினாடி என்பது ஒருமுறை மெல்ல மூச்சை இழுத்து விடும் நேரம். சொல்வதற்கு எளிது. ஆனால், நாற்பது பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கும்போது அது அரை மணி நேரம் போலத் தோன்றும். செய்து பாருங்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல ஆசை. இன்று வினாடி என்றால் நொடிமுள்ளின் ஓர் அடி. நம் பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். 60 விநாடி சேர்ந்தது ஒரு நாழிகை. அப்படியானால் ஒரு விநாடி என்பது இன்றைய 24 வினாடி. பிள்ளைகளுக்கு அந்தப் பழைய விநாடியைக் கொடுத்தால் தாராளம்.

தமிழாசிரியர்களுக்கு நன்கு தெரிந்த இன்னொன்றும் இங்கே பொருந்தும். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தனக்குத் தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்குக் கேட்பது அறிவினா. தொலைக்காட்சி வினாடி வினா முழுவதும் அறிவினா. நம் தேர்வுத் தாளும் அப்படியே. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியா வினாவும், இதுவா அதுவா என்று கேட்கும் ஐய வினாவும் அந்த மேடையில் ஒரே இடத்தில்தான் எழுகின்றன. அணியினர் தலையைச் சேர்த்துக் கிசுகிசுக்கும் இடம் அது. ஒலிவாங்கிக்கு அந்தப் பேச்சு அரைகுறையாகத்தான் கேட்கும். வகுப்பில் நாம் அருகே போய் நின்று முழுதாகக் கேட்கலாம்.

எட்டாம் வகுப்பில் செய்தது

எட்டாம் வகுப்பில் 36 பேர். நால்வர் வீதம் ஒன்பது அணிகள். நன்றாகப் படிப்பவர் ஒருவர், எழுத்துக்கூட்டி வாசிப்பவர் ஒருவர், ஏனைய இருவர் என்று கலந்து அமைத்தேன். நண்பர்களை ஒரே அணியில் போடவில்லை. பஸ்ஸருக்குச் செலவில்லை. சைக்கிள் மணி, எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும், மரப்பலகையில் ஒரு தட்டு என்று ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வோர் ஓசை. கண்ணை மூடிக்கொண்டே எந்த அணி முந்தியது என்று சொல்லிவிடலாம். தொடக்கத்தில் எல்லோருக்கும் 100 மதிப்பெண் என்று கரும்பலகையில் எழுதிவிடுவேன்.

பஸ்ஸர் கேள்வியைச் சற்று நீளமாக, அரிய குறிப்பிலிருந்து எளிய குறிப்புக்கு இறங்கி வருவது போல அமைத்தேன். 'விசையும் அழுத்தமும்' பாடத்துக்காக எழுதிய ஒன்று இது:

"என் வேதியியல் குறியீடு, வெள்ளி போன்ற நீர் என்ற பொருளுடைய பழைய பெயரிலிருந்து வந்தது. 1643-இல் இத்தாலியின் டாரிசெல்லி என்னை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்தார். நான் 76 செ.மீ. உயரத்தில் நின்றேன். உங்கள் வீட்டுப் பழைய காய்ச்சல்மானியிலும் நான் இருந்திருப்பேன். அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் நான். நான் யார்?"

பாதரசம் என்று கடைசி வரியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது வரியில் தெரிந்தவர் அங்கேயே மணி அடிக்கலாம். தவறினால் 10 மதிப்பெண் குறையும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வேகத்தின் சுவையும் கிடைக்கும், மற்றவர்களுக்குக் கடைசி வரை கதவு திறந்தும் இருக்கும். 'பாதரசத்தின் குறியீடு என்ன?' என்று ஒரு வரியில் கேட்டால் ஒருவர் பதில் சொல்ல, 35 பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

துணைக் கேள்விகளை, முதலில் விடை சொன்ன அணிக்கு மட்டும் என்றில்லாமல் ஒன்பது அணிகளுக்குமே கொடுத்தேன். தொலைக்காட்சி விதியிலிருந்து வேண்டுமென்றே விலகிய இடம் இது. கலந்து பேச ஒன்றரை நிமிடம். நேரம் முடிந்ததும் ஒன்று முதல் நான்கு வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்பேன். மூன்று வந்தால், ஒவ்வோர் அணியிலும் மூன்றாம் எண் பிள்ளை எழுந்து விடை சொல்ல வேண்டும். நிரந்தர அணித்தலைவர் கிடையாது. யார் பேச நேரும் என்று தெரியாததால், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தந்தே ஆக வேண்டும்.

அன்றைய மூன்று துணைக் கேள்விகள்: பாதரசத்துக்குப் பதில் தண்ணீரை நிரப்பியிருந்தால் டாரிசெல்லிக்கு எவ்வளவு உயரமான குழாய் தேவைப்பட்டிருக்கும்? இந்தக் கருவியை நம் ஊரிலிருந்து கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் பாதரசம் ஏறுமா, இறங்குமா? மருத்துவமனைகளில் பாதரசக் காய்ச்சல்மானியைக் கைவிட்டு வருவது ஏன்?

முதல் கேள்விக்குப் பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தி உடையது என்று மட்டும் கரும்பலகையில் எழுதினேன். பல அணிகள் பெருக்கல் போடத் தொடங்கின. 13.6 × 76 = 1033.6 செ.மீ.; அதாவது 10 மீட்டருக்குச் சற்று மேல். ஜன்னல் ஓர அணியில் மட்டும் கணக்கு நின்று, பேச்சு சத்தமாகிவிட்டது. அருகே போனேன்.

அந்த அணியில் ஒரு மாணவி. வருகைப் பதிவில் 'உள்ளேன்' சொல்வதைத் தவிர வகுப்பில் அவள் குரல் கேட்டதில்லை. அப்பா கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பவர். அவள் பக்கத்தில் இருந்த பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தண்ணி அவ்ளோதான் ஏறும். கெணத்துல தண்ணி கீழ போயிருச்சுன்னா எங்கப்பா மோட்டாரையே உள்ள எறக்கித்தான் வைப்பாரு. மேலயே வெச்சா எவ்ளோ நேரம் ஓடுனாலும் தண்ணி ஏறாது." பையன் கேட்டான், "பெரிய மோட்டாரா போட்டா?" அவள் சற்று யோசித்தாள். "அதுவும் ஏறாது. போன வருசம் தோட்டத்துக்காரர் பெருசு வாங்கிப் போட்டாரு. ஃபுட் வால்வு நல்லாத்தான் இருந்துச்சு. எறக்கி வெச்சப்புறந்தான் தண்ணி வந்துச்சு."

நான் எதுவும் சொல்லவில்லை. பையன், "அப்ப டீச்சர் எழுதுன 76-க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான். பிறகு அவனே குனிந்து கணக்கைப் போட ஆரம்பித்தான். விடை பத்து மீட்டர் என்று வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சீட்டில் அன்று அவள் எண் வரவில்லை. வேறொரு பிள்ளை எழுந்து, "இவ சொன்னதுதான் டீச்சர்" என்று தொடங்கி, மோட்டார் கதையைச் சொன்னான். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது.

அதன் பிறகு வகுப்புக்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். இத்தாலியில் நீரிறைக்கும் பம்பு போடுபவர்களுக்குத் தண்ணீர் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சப்பட்டு ஏறுவதில்லை என்று அனுபவத்தில் தெரிந்திருந்தது. கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவரோடு பணியாற்றிய டாரிசெல்லி அந்தப் புதிருக்கு விடை தேடித்தான் பாதரசக் குழாயைக் கையில் எடுத்தார். மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரைத் தாண்டுவதே கடினம். பாடப்புத்தகத்தில் டாரிசெல்லி பெயரும் 76 என்ற எண்ணும் இருக்கின்றன. கிணற்றடி அனுபவம் அந்த மாணவியிடம் இருந்தது. எட்டு ஆண்டுகள் பள்ளிக்கு வந்தும் அதைச் சொல்லும்படி ஒரு கேள்வி அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பஸ்ஸர் மட்டும் வைத்து நடத்தியிருந்தால் அன்றும் சேர்ந்திருக்காது.

கொடைக்கானல் கேள்விக்கு ஐந்து அணிகள் இறங்கும் என்றும் நான்கு அணிகள் ஏறும் என்றும் சொல்லின. ஏறும் என்றவர்களின் காரணம் சுவையானது: "அங்க குளிரா இருக்கும், காத்து கெட்டியா இருக்கும்." உடனே தவறு என்று சொல்லாமல் இறங்கும் என்றவர்களைப் பதில் பேச விட்டேன். 'நமக்கு மேல காத்து கொஞ்சமாத்தான இருக்கும்' என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம்; அங்கே பாதரசம் 60 செ.மீ. அளவில்தான் நிற்கும். மூன்றாவது கேள்விக்கு அன்று நேரம் இல்லை. மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரின் கதையை மறுநாள் சொன்னேன்.

எழுந்த சிக்கல்கள்

ஒரு பாடவேளையில் இப்படி இரண்டு தொகுதிக் கேள்விகளுக்கு மேல் நடத்த முடியவில்லை. பாடப்பகுதியை முடிக்க வேண்டிய நெருக்கடி நம் எல்லோருக்கும் உண்டு. அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஓர் அலகு முடிந்ததும் திருப்புதலுக்குப் பதிலாக வைத்துக்கொண்டேன். சத்தம் அதிகம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்குச் சீட்டு விதி அறவே பிடிக்கவில்லை. "அவனுக்குத் தெரியாது டீச்சர், நான் சொல்றேன்" என்று பாதி எழுந்து நிற்பார்கள். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பது வேதனைதான். அவர்களுக்காகவே பஸ்ஸர் கேள்வியை விடாமல் வைத்திருக்கிறேன். கூடவே, கேள்வி எழுதும் வேலையையும் அவர்களிடம் கொடுத்தேன். அரிய குறிப்பிலிருந்து எளிய குறிப்புக்கு இறங்கும் கேள்வி ஒன்றை எழுத, பாடத்தை நான்கு முறையாவது படிக்க வேண்டியிருக்கிறது.

போட்டிக்கு இது உதவுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இந்த முறையில் ஒரு பருவம் முழுவதும் பார்த்துத் தேர்ந்தெடுத்த மூவர் அணி வட்டாரப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. பஸ்ஸர் சுற்றில் பின்தங்கினார்கள். அணியாகப் பேசி விடை சொல்லும் சுற்றில் ஒரு கேள்வியையும் விடவில்லை. மூவரில் ஒருத்தி அந்த மோட்டார்காரர் மகள். வேகப் பயிற்சியும் தர வேண்டும் என்பது உண்மைதான். அதற்குக் கடைசி பதினைந்து நாள் போதும் என்பது என் கணிப்பு.

மதிப்பெண் கணக்கோடு இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறேன். வகுப்புப் பட்டியலின் நகல் ஒன்றில், அந்தந்த நாளில் கலந்து பேசும்போது யார் குரல் கேட்டது என்று ஒரு புள்ளி வைப்பேன். மாத இறுதியில் புள்ளி இல்லாத பெயர்கள் கண்ணில் படும். அடுத்த தொகுதிக் கேள்விகளை அந்தப் பிள்ளைகளின் வீட்டுத் தொழிலை, அவர்கள் வரும் வழியை, அவர்கள் ஊர்ச் சந்தையை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அசைபோடும் விலங்குகளின் இரைப்பை. செங்கல் சூளையிலிருந்து வருபவனுக்கு வெப்பம் கடத்துதல்.

வகுப்பின் மூலையில் ஒரு காலி சாக்பீஸ் பெட்டியும் வைத்திருக்கிறோம். தங்களுக்கு விடை தெரியாத கேள்வியை மட்டுமே அதில் போட வேண்டும் என்பது விதி. அறியா வினாப் பெட்டி என்று பிள்ளைகளே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இந்த மாதம் வந்தவற்றில் மூன்று இவை: 'கொடைக்கானல்ல காத்து அழுத்தம் கம்மின்னா அங்க சோறு வேக ஏன் நேரமாகுது?' 'பாதரசத்துல இரும்பு போல்ட்டைப் போட்டா மிதக்குமா?' 'தண்ணி பத்து மீட்டருக்கு மேல ஏறாதுன்னா, எங்க தோட்டத்து போர்ல அறுநூறு அடியிலேர்ந்து எப்படி மேல வருது?'

மூன்றாவது கேள்விக்கு இதுவரை இரண்டு அணிகள் இரண்டு விதமாகப் பதில் எழுதியிருக்கின்றன. கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அங்கே அழைத்துப்போய், கழற்றிப் போட்டிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றைப் பார்த்து வரத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.